மிளகுக் கொடியும் தேயிலை உலையும்

(மாத்தளையில் தோட்டத் தொழிலாளரும் மிளகுச் செய்கையாளரும் ஒருங்கு கூடிய கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



அரசியல் கூட்டம் என்று அழைத்துவிட்டு, விறகைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இந்த வழக்கறிஞன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் தவறில்லை. ஆனால், விறகைப் பற்றி நான் முதன்முதலாகச் சிந்தித்த இடம் அடுப்பங்கரையன்று, நீதிமன்றம். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரே மரம், இரண்டு பெயர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தாய்க்காக நான் நீதிமன்றத்தில் தோன்றினேன். அவர் மீது சாட்டப்பட்ட குற்றம், தோட்டத்து விறகுக் காட்டிலிருந்து ஒரு தலைச்சுமை விறகைக் களவாடினார் என்பது. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மாலைவரை கொழுந்து பறித்து, நிறுவை முடிந்து திரும்பும் வழியில், விழுந்து கிடந்த கிளைகளைக் கட்டி எடுத்திருக்கிறார். "ஐயா, மிலாறு கிடைத்திருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன், இந்த வருஷம் எங்கள் மலையில் கவ்வாத்து இல்லை" என்றார். நீதிமன்றம் அவரை எச்சரித்து விடுவித்தது. வழக்கு முடிந்தது.

ஆனால் என் மனத்தில் அது முடியவில்லை. நாங்கள் படியிறங்கி வந்த அதே வேளையில், வீதியில் ஒரு லொறி போயிற்று. அதன் முதுகு நிறைய விறகு. தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிறது. அந்தத் தாய் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தலையில் ஏறினால் களவு, லொறியில் ஏறினால் எரிபொருள்! ஒரே மரத்துக்கு இரண்டு பெயர் எப்படி வந்தது? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனவன்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

தேடியபோது நான் கண்டது இது. ஒரு நாடு எவ்வளவு எரிபொருளை எரிக்கிறது என்பது உலையின் வாயில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. எந்தத் தொழில் எந்தத் தொழிலோடு இணைந்திருக்கிறது, எது எதைக் கண்டும் காணாமல் நிற்கிறது, யாருக்கு நிலம் இருக்கிறது, ஒப்பந்தத்தில் என்ன சொல் எழுதப்பட்டிருக்கிறது என்பவையெல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

வெயில் போய் நெருப்பு வந்தது

நம்முடைய மாத்தளையையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுவழியே நடந்து, வழியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு, எஞ்சியவர்களாக நம் முன்னோர் வந்து சேர்ந்த மண் இது. அவர்கள் முதலில் கண்டது தேயிலையை அன்று, கோப்பியை. கோப்பிப் பருப்பைத் தோட்டத்துக் களத்தில் பரப்பினார்கள், வெயில் உலர்த்திற்று. மிச்ச வேலைக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்ததும் இந்த வணிகத்தின் பொருட்டே. எரிபொருளாக அந்தத் தொழில் பெரிதும் நம்பியிருந்தது கதிரவனைத்தான்.

1869இல் கோப்பி இலையில் நோய் தோன்றிற்று. இருபது ஆண்டுக்குள் கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. பயிர் மாறியபோது எரிபொருளும் மாறிற்று. தேயிலைக் கொழுந்து காத்திருக்காது. இன்று பறித்ததை உடனே வாடவைத்து, அரைத்து, உலர்த்தியாக வேண்டும். மழையானாலும் இரவானாலும் உலர்த்தியாக வேண்டும். ஆகவே, தோட்டந்தோறும் ஒரு தொழிற்சாலை, தொழிற்சாலைதோறும் ஓர் உலை, உலைதோறும் ஒரு விறகுக் காடு என்றாயிற்று. களத்து வெயிலில் நடந்த வேலை காட்டு மரத்தில் நடக்கலாயிற்று.

இயந்திரத்தைச் சுழற்ற, மலையோடையின் நீரைக் குழாயில் இறக்கிச் சக்கரம் சுற்றிய தோட்டங்கள் பல. 1918இலேயே நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1950இல் லக்சபானவின் மின்சாரம் வந்தது. நல்லதே. ஆனால் கம்பி வந்ததும் தோட்டத்து ஓடைச் சக்கரங்களில் பல துருப்பிடித்துப் போயின. பொது மின்சாரமும் ஓடை மின்சாரமும் ஒன்றுக்கொன்று துணையாக வாழ முடியும் என்று சொல்ல அன்று ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. சிறிய நீர்மின் நிலையங்களிலிருந்து மின்சாரத்தை விலைக்கு வாங்கும் ஒழுங்கு 1990களின் நடுப்பகுதியில்தான் வந்தது. ஓடை அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இல்லாமற்போயிருந்தது ஒழுங்கு.

பாதி நிறைந்த தொழிற்சாலை

தேயிலைத் தொழிற்சாலையின் உள்ளே வாருங்கள். நாம் 'ஸ்டோர்' என்று அழைக்கும் அந்தக் கட்டடத்தில் நடப்பதில் பெரும்பங்கு, நீரை வெளியேற்றுவதுதான். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. எஞ்சிய மூன்றரைக் கிலோவும் நீர். அதில் ஒரு பகுதியை வாட்டும் தொட்டியில் மின்விசிறியின் காற்று கொண்டுபோகிறது. மற்றதை உலர்த்தும் இயந்திரத்தில் விறகின் அனல் கொண்டுபோகிறது. கொழுந்து நன்றாக வாடினால் விறகு குறையும். மின்சாரம் தடைப்பட்டு வாட்டம் கெட்டால் தேயிலையும் கெடும், விறகும் கூடும். ஒரு கிலோ தேயிலைக்கு ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ விறகு எரிக்கும் தொழிற்சாலைகள் உண்டு.

இனி ஒரு கணக்கு. உலையை மூட்டிச் சூடேற்ற எரியும் விறகு, உள்ளே கொழுந்து நிறைய இருந்தாலும் குறைய இருந்தாலும் எரிந்துதான் தீரும். விசிறியும் அப்படித்தான். ஆகவே பாதி நிறைந்த தொழிற்சாலையில் ஒவ்வொரு கிலோ தேயிலைக்கும் செலவாகும் எரிபொருள் அதிகம். 2021இல் ஏறக்குறைய 30 கோடிக் கிலோ தேயிலை விளைந்த இந்நாட்டில், 2022இல் ஏறக்குறைய 25 கோடிக் கிலோவே விளைந்தது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்ட அரசாங்கம், விளைச்சல் குறையும் என்பதை எண்ணியதோ என்னவோ, உலையில் விறகு கூடும் என்பதை எண்ணியிருக்கவே மாட்டாது! உரம் ஒரு திணைக்களம், விறகு ஒரு திணைக்களம், மின்சாரம் ஒரு திணைக்களம் அல்லவா?

அருகருகே இரண்டு தோட்டங்கள், இரண்டு தொழிற்சாலைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து குறைந்த காலத்தில் இரண்டும் பாதி வயிற்றோடு ஓடுகின்றன. கிழமையில் மூன்று நாள் அங்கே, மூன்று நாள் இங்கே என்று கொழுந்தைச் சேர்த்து அரைத்தால் ஓர் உலையின் விறகு மிஞ்சும். புதிய இயந்திரம் வேண்டாம்; வெளிநாட்டுக் கடன் வேண்டாம். இரண்டு முகாமையாளர் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: அப்படி மிஞ்சும் விறகின் பெயரால் தொழிலாளியின் வேலைநாளைக் குறைக்க முனைந்தால், அந்த மேசையைக் கவிழ்க்கும் முதல் கை நம்முடையதாக இருக்கும்.

எடைக்கு ஒரு விலை

நான் சட்டம் படித்தவன். ஒப்பந்தத்தைக் கண்டால் படிக்காமல் விட மாட்டேன். விறகு வழங்கும் ஒப்பந்தம் ஒன்றைப் படித்தேன். இத்தனை கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று இருந்தது. அவ்வளவுதான், அதில் என்ன பிழை என்கிறீர்களா?

புதிதாக வெட்டிய விறகின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். ஆயிரம் கிலோ பச்சை விறகில் 500 கிலோ நீர் இருக்கிறது என்று கொள்ளுங்கள். அதைப் பிளந்து, கூரையின்கீழ் அடுக்கி, நீரின் பங்கு எடையில் ஐந்தில் ஒன்றாகும் வரை உலரவிட்டால், அது 625 கிலோவாகும். அந்த 625 கிலோ, முன்னைய ஆயிரம் கிலோவைவிட அதிக அனலைத் தரும், ஏனெனில் தன் ஈரத்தைத் தானே காயவைக்கும் செலவு அதற்குக் குறைவு, புகையும் குறைவு. ஆனால் அந்த ஒப்பந்தம் என்ன சொல்கிறது? உலர்த்திக் கொடுத்தவனுக்கு 375 கிலோவின் விலையைக் கொடுக்காதே என்கிறது! உழைத்தவனுக்கு அபராதம், ஈரத்தோடு கொண்டுவந்து கொட்டியவனுக்குப் பரிசு!

வழங்குபவன் ஈர விறகைக் கொண்டுவருவது அவனுடைய குணக்கேடன்று. ஒப்பந்தம் அவனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். தொழிற்சாலை நீரை விலைக்கு வாங்குகிறது. அந்த நீரை ஆவியாக்க இன்னும் கொஞ்சம் விறகை எரிக்கிறது. பிறகு விறகு போதவில்லை என்று முறையிடுகிறது. 'எடைக்கு' என்ற சொல்லை வெட்டிவிட்டு, 'உலர்ந்த எடைக்கு' என்று எழுதுங்கள். ஈரத்தை அளக்க ஒரு சிறு கருவி போதும். அந்த ஒரு சொல், எத்தனையோ மரங்களைக் காப்பாற்றும். கிராமத்துக்கும் லயத்துக்கும் விறகு பிளக்கும், அடுக்கும், உலர்த்தும் வேலையையும் கொண்டுவரும்.

மிளகு தரும் விறகு

சரி, அந்த விறகு எங்கிருந்து வர வேண்டும்? இயற்கைக் காட்டிலிருந்து அன்று. நக்கிள்ஸ் மலைக் காட்டின் நிழலில் ஏலம் பயிரிட்டு, ஏலத்தை உலர்த்த அந்தக் காட்டு மரத்தையே சூளையில் எரித்த கதையை இம்மாவட்டத்து முதியோர் அறிவர். ஏலத்துக்கு நிழல் தந்த மரமே ஏலத்துக்கு நெருப்பாயிற்று! 2000இல் அந்த மலைக்காடு பேணற்காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. மீண்டும் அங்கே கோடரி போகக் கூடாது.

போகத் தேவையும் இல்லை. மிளகுத் தோட்டத்தில் கொடி படர என்ன நட்டிருக்கிறீர்கள்? கிளிரிசிடியா. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மரம் இன்று நம் வேலியில், நம் மிளகில், நம் தேயிலை நிழலில் நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறை கிளைகளை வெட்டாவிட்டால் மிளகுக்கு வெயில் கிடையாது. வெட்டினால் மீண்டும் தழைக்கிறது. இலை மண்ணுக்குத் தழைச்சத்துத் தரும் பசளை; ஆட்டுக்குத் தீவனம். தடி விறகு. 2005இல் அரசாங்கம் இதனைத் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. மிளகுக்கும் கறுவாவுக்கும் சாதிக்காய்க்கும் ஆராய்ச்சி செய்யும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் வேறெங்கோ இல்லை, இதே மாத்தளையில்தான் இருக்கிறது.

மிளகுக்காரருக்கு வெட்டியே ஆகவேண்டிய கிளை; தேயிலைத் தொழிற்சாலைக்கு வாங்கியே ஆகவேண்டிய விறகு. இரண்டுக்கும் நடுவே சில கட்டை தூரம். இருந்தும் எத்தனையோ மிளகுத் தோட்டங்களில் தடி மண்ணில் கிடந்து உக்குகிறது. எத்தனையோ தொழிற்சாலை லொறிகள் தூரத்துக்குப் போய் மரம் தேடுகின்றன. ஆடைத் தொழிற்சாலைகளிலும் எண்ணெய்க் கொதிகலனை விட்டு விறகுக் கொதிகலனுக்கு மாறியவை உண்டு. ஆகவே போட்டியும் கூடியிருக்கிறது. தனித்தனியாக ஓடினால் போட்டி காட்டில் போய் முடியும். சேர்ந்து திட்டமிட்டால் அதே தேவை மிளகுக்காரரின் வீட்டில் வருமானமாக முடியும்.

இன்னொன்றும் சொல்கிறேன். மழை நாளில் மிளகு, கிராம்பு காயாமல் பூஞ்சணம் பிடித்து விலை விழும் வேதனையை நீங்கள் அறிவீர்கள். உலையின் புகைபோக்கி வழியே வீணாகப் போகும் வெப்பத்தின் ஒரு பகுதியைத் தனிக் கட்டடத்துக்குக் கொண்டுபோனால் உங்கள் மிளகு காயாதா? தனிக் கட்டடம் என்று அழுத்திச் சொல்கிறேன். தேயிலை அயல் மணத்தை இழுத்துக்கொள்ளும் பண்டம். மிளகு மணக்கும் தேயிலையை எவரும் வாங்கார்!

உக்குவளை தரும் பாடம்

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பவர்களுக்கு என் விடை உக்குவளையில் இருக்கிறது.

பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர், ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே மலையைக் குடைந்து உக்குவளைக்கு வருகிறது. 1976 முதல் அங்கே ஏறக்குறைய 40 மெகாவாட் மின்நிலையம் இயங்குகிறது. பிறகு அந்த நீர் சுதுகங்கை வழியாகப் போவத்தென்னைக்குப் போகிறது. அங்கே பாதை இரண்டு. ஒன்று கலாவெவக்கு, நெற்கதிருக்கு. மற்றது இன்னொரு 40 மெகாவாட் மின்நிலையம் வழியாக அம்பன் கங்கைக்கு. அதன் கீழே, 2017இல் நீர் தேக்கத் தொடங்கிய மொரகஹகந்தை.

இதில் ஒரு வழக்கு ஒளிந்திருக்கிறது. பொல்கொல்லையில் நம் பக்கம் திருப்பப்படும் நீர், கீழேயுள்ள 210 மெகாவாட் விக்டோரியாவுக்குக் கிடையாது. போவத்தென்னையில் கலாவெவக்குத் திரும்பும் நீர், போவத்தென்னை மின்நிலையத்துக்குக் கிடையாது. வயலுக்கு ஒரு பங்கு கூடினால் மின்சாரத்தில் ஒரு பங்கு குறையும். குறைந்த மின்சாரத்துக்காக வெளிநாட்டு எண்ணெயோ நிலக்கரியோ எரியும். கமக்காரனும் மின்சாரக்காரனும் நீதிமன்றம் ஏறியிருக்க வேண்டிய விவகாரம்! ஏன் ஏறவில்லை? பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர், மகாவலி அதிகாரசபையின் நீர் முகாமைத்துவப் பிரிவு, நீர்ப்பாசனத்தாரையும் மின்சாரத்தாரையும் ஒன்றாக இருத்திப் பருவகாலத் திட்டம் வகுக்கிறது. குறைகள் உண்டு, மனக்கசப்பும் உண்டு. ஆயினும் மேசை ஒன்று இருக்கிறது. நீருக்கு ஒரு மேசை போட முடிந்த நாட்டில், விறகுக்கு ஒரு மேசை போட முடியாதா?

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டைப் பாருங்கள். கரூர் மாவட்டத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சக்கை யாருடையது? சர்க்கரை ஆலைகளுடையது; அவை அதைத் தம் கொதிகலனில் எரித்துவந்தன. ஆகவே காகித ஆலை, சர்க்கரை ஆலைகளுக்கு வேறு எரிபொருளும் அதற்குரிய கொதிகலனும் ஏற்பாடு செய்து கொடுத்துச் சக்கையைப் பெற்றுக்கொண்டது. அந்த எரிபொருள் நிலக்கரி. அதை நான் புகழவில்லை. ஒரு தொழிலின் எச்சத்தை மற்றத் தொழிலின் மூலப்பொருளாக்க, இரண்டு தொழில்கள் எரிபொருளைப் பண்டமாற்றாகப் பேசித் தீர்க்க முடிந்ததே, அதைத்தான் சொல்கிறேன். டென்மார்க்கின் கலுண்ட்போர்க் என்னும் சிறு நகரிலும், மின்நிலையத்தின் நீராவியை அயல் ஆலைகள் வாங்கிப் பயன்படுத்தின; பல பத்தாண்டுகளாக அங்கே ஆலைக்கு ஆலை குழாய் ஓடுகிறது.

நாம் கேட்பது என்ன?

தோழர்களே! 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களை மறந்துவிட்டீர்களா? டீசலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. அந்த ஆண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் ஏறிற்று. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். பின்னர் குறைத்தார்கள், ஆயினும் பட்ட பாடு பட்டதுதான். அந்த நாட்களில் நாட்டின் அடுப்பைக் காத்தது எது? விறகு. நாட்டின் மொத்த எரிசக்தியில் மூன்றில் ஒரு பங்களவு தரும் இந்த விறகுக்குக் கொள்கை வகுக்கும்போது மட்டும் கடைசி நாற்காலி!

தேயிலை ஓர் அமைச்சு. மிளகு ஒரு திணைக்களம். காடு இன்னொரு திணைக்களம். மின்சாரம் வேறோர் அமைச்சு. கூட்டுறவோ மாகாண சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஐந்து கதவுகள், ஐந்துக்கும் ஐந்து திறப்புகள். ஆகவே நாம் கேட்பது இவை.

முதலாவது, மாத்தளை மாவட்டச் செயலகத்தில் இந்த ஐவரும், தொழிற்சாலைகளும், தொழிற்சங்கங்களும், கமக்காரர் அமைப்புகளும் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னர் அமரும் ஒரு விறகுக் குழு.

இரண்டாவது, விறகு ஒப்பந்தங்கள் அனைத்திலும் உலர்ந்த எடைக்கே விலை.

மூன்றாவது, 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ், கிராமமும் தோட்டமும் சேர்ந்த விறகுக் கூட்டுறவுச் சங்கங்கள். இதில் ஒரு நியாயத்தைக் கேளுங்கள். கிராமத்துக் கமக்காரருக்கு மிளகும் வேலியும் உண்டு. அவர் விறகு விற்கலாம். லயத்துத் தொழிலாளிக்கு என்ன உண்டு? இருநூறு ஆண்டு உழைத்தும் ஒரு வேலி நடத் தரை இல்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை கம்பனிகளின் கைக்குப் போனபோதும் மண் பெரும்பாலும் அரசுக்கே உரியது. தேயிலை பிடுங்கப்பட்டுப் புல் மண்டிக் கிடக்கும் அந்த மண்ணில், தொழிலாளர் கூட்டுறவுக்கு நீண்டகாலக் குத்தகையில் நிலம் கொடுங்கள். கிளிரிசிடியாவும் மிளகும் நடுவோம். உலைக்கு உலர்ந்த விறகு கொடுப்போம்.

நான்காவது, அந்த விறகில் லயத்து அடுப்புக்கு உரிமைப் பங்கு. இரக்கப்பட்டுக் கொடுப்பதாக அன்று, எழுத்தில் உள்ள பங்காக.

சூரிய ஒளி இருக்க விறகு எதற்கு என்று கேட்கும் இளைஞருக்கு ஒரு சொல். கூரையில் சூரியத் தகடு வரட்டும், வாட்டும் விசிறியை அது சுழற்றட்டும், வரவேற்போம். ஆனால் மழை இரவிலும் அணையாத உலர்த்தும் அனலுக்கு, நாம் நட்டு, நாம் வெட்டி, மீண்டும் தழைக்கும் மரம் நம் மலையிலேயே நிற்கும்போது, அதை உக்கவிட்டுவிட்டுக் கப்பலை எதிர்பார்ப்பானேன்?

இந்தக் கூட்டத்தில் சிங்களக் கமக்காரரும் தமிழ்த் தொழிலாளரும் முஸ்லிம் வியாபாரிகளும் அருகருகே அமர்ந்திருக்கிறீர்கள். நம்மை ஓரிடத்தில் அமர்த்த எத்தனையோ பெரிய தத்துவங்கள் முயன்று தோற்றிருக்கின்றன. ஒரு கட்டு விறகு அமர்த்தியிருக்கிறது. இந்த நான்கு கோரிக்கைகளும் மூன்று மொழியிலும் எழுதப்பட்டு இம்மேசையில் இருக்கின்றன. போகும்போது கையெழுத்திட்டுப் போங்கள். மாவட்டச் செயலாளரிடம் அதை நாம் கொடுக்கும் நாளில், நான் முதலில் சொன்ன அந்தத் தாயும் நம்மோடு வருவார், வருவதாகச் சொல்லியிருக்கிறார். தலையில் சுமையின்றி, தலை நிமிர்ந்து அவர் அந்தப் படியேற வேண்டும்.